கடைசியாகப் பேசும் டாக்டர்

சித்தி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். போன வாரம் போனபோது, சித்தியின் மேசை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் ஜம்மென்று நின்றது. டயரில் காற்றைப் பிடுங்கிவிடக் கை பரபரத்தது. பதினேழு வயசாகிவிட்டதே என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் சித்தியின் அறையில்தான் கிடப்பேன். வீட்டுப்பாடம் என்று பெயர். சுழல் நாற்காலியில் தலை கிறுகிறுக்கச் சுற்றுவதும், ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சுவருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் நடந்தது. ஒரு பக்கம் பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் புதன்கிழமைதோறும் டாக்டர்கள் கூடி, எந்த நோயாளிக்கு என்ன செய்வது என்று பேசுவார்கள்.

பழைய தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து கூட்டத்தை நடத்தியது சித்தி. பதவி கிடையாது, 'பொறுப்பு' மட்டும். நோயாளிகளோ அவளிடமே, "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்பார்கள்.

"வந்துட்டாரு. உங்க நாக்கைத்தான் பாத்துட்டிருக்காரு" என்பாள்.

கூட்டத்தில் அவளுக்கு ஒரு வழக்கம். இருப்பதிலேயே இளையவர்தான் முதலில் பேச வேண்டும். அவள் கடைசியில்தான் வாயைத் திறப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"பெரியவங்க முதல்ல சொல்லிட்டா சின்னவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்கடி. அவங்க கண்ணுல பட்டது அவங்களோடவே போயிடும்."

தலைவர் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். போட்டியில் இருவர்: சித்தியும், அவளிடமே வேலை கற்ற ஒரு டாக்டரும். யாரையும் பேசவிடாமல் முழங்குவார் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் மைக். தேர்வுக் குழு வந்து, புதன்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்து இருவரையும் பார்ப்பதாக ஏற்பாடு. குழுவில் எல்லாரும் ஆண்கள்.

"டாக்டரம்மா, இந்த ஒரு நாளாவது முந்திப் பேசிடுங்க" என்றாள் வார்டு சிஸ்டர். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சும்மா உக்காந்தீங்கன்னா அந்தாளு தூக்கிட்டுப் போயிடுவாரு."

சித்திக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. முந்தின நாள் சாயங்காலம் என்னையும் இரண்டு தலையணைகளையும் வரிசையாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"என் முடிவு இதுதான்!"

"தலையணை தூங்கிடுச்சு சித்தி. இன்னும் சத்தமா."

"உதை வாங்குவ."

புதன்கிழமை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். முதலில் ஒரு பஸ் கண்டக்டர் விஷயம். தொண்டையில் கட்டி. மைக் முந்திக்கொண்டார்: "குரல்வளைய எடுத்துடணும். வேற பேச்சே இல்ல." குழுவில் ஒருவர் பலமாகத் தலையசைத்தார்.

"என் முடிவு..." என்று சித்தி கணீரென்று ஆரம்பித்தாள். மேசைக் கோடியில், இருப்பதிலேயே இளைய டாக்டர் பேனாவை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சித்தி நிறுத்தினாள்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே? சொல்லும்மா."

"இல்ல மேடம்... நேத்து உள்ள பாத்தேன். குரல்நாண் நல்லா அசையுது. கட்டியும் சின்னதுதான். கதிர்வீச்சே போதும்னு தோணுச்சு."

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். சித்தி கடைசியில், "மறுபடி பாத்துட்டு முடிவெடுப்போம்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி பார்த்ததில் அந்தப் பெண் சொன்னதே சரி. கண்டக்டருக்குக் குரல் மிஞ்சியது.

பதவி மைக்குக்குப் போனது. சித்திக்குத் தலைமைக் குணம் போதாதாம். கூட்டத்தில் அதிகம் பேசவில்லையாம்.

"மத்தவங்களப் பேச வச்சது யாராம்?" என்று சிஸ்டர் நடைவழியில் நின்று கத்தினாள்.

"விடுங்க சிஸ்டர். ஊசி போட நேரமாச்சு" என்றாள் சித்தி.

வீட்டுக்கும் சிரித்த முகத்தோடுதான் வந்தாள். அம்மாவிடம், "ஒரு தலைவலி விட்டுச்சுக்கா" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "என்னடி சத்தம் அது?"

கையிலிருந்த தட்டுகளை மொத்தமாகத் தரையில் போட்டேன்.

"குட்டிச்சாத்தான்! கையில என்ன ஓட்டையா?"

அம்மா வெளுத்து வாங்கினாள். குழாய் நிற்கும்வரை தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், நடுவில் ஒன்றை மறுபடி நழுவவிட்டு.