தணிகாசலம் ஹாக்கி ஆடியதில்லை

பாய்ஸ் கம்பெனி என்ற பெயரைப் பார்த்துவிட்டு யாராவது பையன்களைத் தேடினால் ஏமாந்துதான் போவார்கள். அந்த வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால். மீசை முளைக்கும் முன்பே ராணுவத்தில் தொழில் பழகும் பையன்களாகச் சேர்ந்து, செகந்திராபாத்தில் ஒரே கூரையின்கீழ் வரிசைக் கட்டிலில் படுத்து எழுந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டத்திலும் ஒரு டஜன் பேர் தேறுவார்கள். மற்றவர்கள் வேலூர், திருச்சி, கோலார் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் செய்தி சொல்கிற ஆள் யேசுதாஸ்.

யேசுதாஸின் அப்பா திருப்பருத்திக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. அதே கடை பெஞ்சில் இன்று யேசுதாஸ் வந்தால், "உக்காருங்க சுபேதாரே" என்று நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். பதினாறு வயதில் ரயிலேறிப் போன பையன் சுபேதாராகத் திரும்பிவந்த கதை அந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

ஓய்வுபெற்ற மனிதருக்கு ஏதாவது ஒரு பித்து வேண்டும். அவருக்குச் செய்திப் பித்து. எவன் மகளுக்குக் கல்யாணம், எவனுக்குக் கண் ஆபரேஷன், பென்ஷன் உயர்வு எப்போது என்று எதுவானாலும் யேசுதாஸுக்குத்தான் முதலில் மூக்கில் வேர்க்கும். காலையில் அவர் ஒரு 'ஜெய்ஹிந்த்' போட்டால்தான் மற்றவர்களுக்குப் பொழுது விடியும். வேறு யாராவது முந்திக்கொண்டு ஒரு செய்தி போட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க மனைவி எல்லம்மாள் வைத்த குழம்பில் உப்பு இருக்காது.

சாவுச் செய்தி என்றால் இன்னும் விசேஷம். நண்பன் யாராவது இறந்தால் உள்ளூர்க்காரர்கள் தொப்பி, பதக்கங்களோடு போய், மலர்வளையம் வைத்து, வரிசையில் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு வருவார்கள். பாய்ஸ் கம்பெனியின் வழக்கம் அது. போன வருஷம் கிறிஸ்டோபர் இறந்தபோது எல்லாம் தாமதமாகிவிட்டது. மலர்வளையம் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் மூடியாயிற்று. ராஜகோபால் என்கிற உறுப்பினர், "பட்டாளத்தான் டைமுக்கு வர வேணாமாபா?" என்று குழுவிலேயே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி யேசுதாஸை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இனி எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்து வைப்பது என்று முடிவு செய்தார். முன்னேற்பாடு என்பது ராணுவம் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம்தான். எதற்கு முன்னேற்பாடு செய்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தணிகாசலம் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். செகந்திராபாத்தில் யேசுதாஸுக்குப் பக்கத்துக் கட்டில். நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். "டாக்டர் கஷ்டம்னு சொல்லிட்டார் அங்கிள்" என்று மகன் கலைவாணன் செய்தி அனுப்பினான். யேசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது பொய்யில்லை. துடைத்த கையோடு பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் மலர்வளையத்துக்குச் சொல்லிவைத்தார். அப்புறம் கிறிஸ்டோபருக்குப் போட்ட இரங்கல் செய்தியைத் தேடி எடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றி வைத்தார்.

மூன்றாம் நாள் காலை ராஜகோபால் போன் செய்தார். "தணி வூட்டாண்ட ஆம்புலன்ஸ் நிக்குதுபா. எறக்கிக்கினு இருக்காங்க."

யேசுதாஸ் கலைவாணனை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. ராஜகோபாலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது தெரிந்துவிட்டது. ராஜகோபாலுக்குப் போட்டோ எடுத்துப் போடவும் தெரியும். யேசுதாஸுக்குக் கை நமநமத்தது. போட்டுவிட்டார்.

'நம் அருமை நண்பர் தணிகாசலம் நம்மை விட்டுப் பிரிந்தார். எந்நேரமும் சிரித்த முகம். சிறந்த ஹாக்கி வீரர். அணியின் தூண். அன்னாரது ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்.'

கோலாரிலிருந்து கும்பிட்ட கைகள் வந்தன. திருச்சியிலிருந்து வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் உள்ளூர்க்காரர்கள் ஏழு பேர் பதக்கம் குத்திக்கொண்டு இரண்டு ஆட்டோவில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போய் இறங்கினார்கள். முன்னால் யேசுதாஸும் ராஜகோபாலும் மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வாசலில் பந்தல் இல்லை. சாவு மேளம் இல்லை. பக்கத்து வீட்டுத் தறி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதாவது நின்றிருக்கலாம்.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தணிகாசலம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ராஜகோபால் தன் பக்கத்துப் பிடியைச் சட்டென்று விட்டுவிட்டார். யேசுதாஸ் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது அவரைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த காந்தா, தணிகாசலத்தின் மனைவி, ரிப்பனில் கொட்டை எழுத்தில் இருந்த புருஷன் பெயரைப் படித்தாள்.

"இன்னாண்ணா இது?" என்றாள்.

இவர்தான் உடம்பு தேறி வீடு திரும்பியிருக்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று யேசுதாஸ் கலைவாணன்மேல் கோபப்படப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. பையன் அப்பாவைத் தூக்கி இறக்குவானா, போனை எடுப்பானா? ஏழு பேரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்களாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாய்ஸ் கம்பெனி என்ற பெயர் அன்றைக்குத்தான் பொருத்தமாக இருந்தது.

தணிகாசலம் மெதுவாகக் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். "வந்தது வந்துட்டீங்க. அத வெளிய வெச்சிட்டு வந்து உக்காருங்கபா. காந்தா, காபி போடு" என்றார். காபி வந்தது. யாருக்கும் இறங்கவில்லை. பிறகு அவர் யேசுதாஸ் பக்கம் கையை நீட்டினார். "இன்னா எழுதன, காட்டு."

"வேணாம்டா தணி."

"காட்டுடா. யாருக்குக் கெடைக்கும் இது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இருமல் வந்தது, நின்றதும் மறுபடி படித்தார்.

"ஹாக்கியா?" என்றார். "அந்த மட்டைய நான் கையால தொட்டதில்ல தாஸு. இது கிறிஸ்டோபருக்குப் போட்டதுதானே?"

"ஆமாடா."

"பேரு மட்டும் மாத்திக்கினே."

கோபமில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் யேசுதாஸ் நன்றாகத் தூங்கியிருப்பார். உயிரோடு இருப்பவனைச் சாகடித்தது முட்டாள்தனம். அதற்குச் சிரித்து மன்னித்துவிடுவார்கள். இத்தனை வருஷம் பழகியவனுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே, அதற்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? சிரித்த முகமாம். தணிகாசலம் தன் கல்யாணப் போட்டோவிலேயே சிரிக்காத ஆள்.

யேசுதாஸ் அந்தச் செய்தியை அழித்தார். குழுவில் மன்னிப்புக் கேட்டார். கேலியும் கிண்டலும் ஒரு வாரம் ஓடின. அதை அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் காலை ஜெய்ஹிந்த் போட அவருக்குக் கை வரவில்லை.

"இன்னா, ஊர்ல ஒருத்தரும் சாவலியா?" என்று எல்லம்மாள் சீண்டினாள். அவர் தணிகாசலத்தைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பட்டாள நம்பர் தெரியும். பென்ஷன் எந்த பேங்கில் என்று தெரியும். மகன் கம்பெனி பெயர் தெரியும். எல்லாம் செய்தி. மனிதன் யார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. இதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் மதியம் படுத்திருந்தபோது போர்வைக்கு வெளியே தன் கால் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சிக் காலத்தில் அவர் கும்பகர்ணன். காலை விசில் அவர் காதில் ஏறவே ஏறாது. மூன்று முறை தாமதம். இன்னொரு முறையென்றால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று பயிற்சி ஹவில்தார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தணிகாசலம் வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த பாவு நூலை முறுக்கி, ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை யேசுதாஸின் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு படுப்பார். விசிலுக்கு முன்பே ஒரு இழு இழுப்பார். பயிற்சி முடியும்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. அந்த நூல் இல்லையென்றால் யேசுதாஸ் அப்பாவோடு சேற்றில் இறங்கியிருப்பார். டீக்கடையில் இன்று நகர்ந்து கிடைக்கிற இடம் அந்த நூலில்தான் தொங்குகிறது. அதைப் போய் எப்படி மறந்தார்?

அன்று சாயங்காலமே அதை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். தணிகாசலம் படித்தார். உதடு கொஞ்சம் கோணியது; அவர் கணக்கில் அது சிரிப்பு.

"அந்த நூலுக்கு எங்கப்பா என்னைப் போட்டு அடிச்சாரு. பாவுல அறுத்துக்கினு போனேன்னு" என்றார். பிறகு, "இத போடு தாஸு. இப்ப இல்ல, அப்ப" என்றார்.

அதற்குப் பிறகு யேசுதாஸ் வாரம் தவறாமல் போனார். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை கலைவாணன் அழுதுகொண்டே அழைத்தான். இந்த முறை யேசுதாஸ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக அங்கே போனார். உடம்பைக் கிடத்தக் கைகொடுத்தார். காலருகே உட்கார்ந்துவிட்டார். செய்தி யாருக்கு வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

அந்த இடைவெளியில் ராஜகோபால் முந்திக்கொண்டார். பாவம், அவரும் நண்பர்தான். பழைய செய்தியைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தார், அதையே போட்டார். கோலாரும் திருச்சியும் மறுபடி கும்பிட்டன. ராஜகோபால் கலைவாணனுக்கும் அதை அனுப்பியிருந்தார்; அவன் சிநேகிதர்கள் பார்த்து, மளமளவென்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து, மதியத்துக்குள் தெருமுனையில் கட்டிவிட்டார்கள். முழு ஆள் உயரத்துக்குத் தணிகாசலம். கீழே சிவப்பு எழுத்தில், சிறந்த ஹாக்கி வீரர்.

யேசுதாஸ் அதை மலர்வளையம் வாங்கப் போகும்போது பார்த்தார். மழையில் அப்படியே நின்றார். அது அவருடைய எழுத்து. கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று கைகூடப் போனது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு காந்தா அவரிடம் வந்தாள்.

"ஹாக்கி ஆடினாராண்ணா? எங்கிட்ட சொன்னதே இல்லியே" என்றாள். அன்றைக்கு முழுக்க அழுத முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. யேசுதாஸ் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை.

"இல்லம்மா. அது கிறிஸ்டோபரு. நான் மாத்தாம உட்டுட்டேன்."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது. "அப்ப இவரு இன்னாதான் பண்ணாரு அங்க?"

யேசுதாஸ் போனை எடுத்து, எழுதி வைத்திருந்ததைப் படித்தார். தணிகாசலம் எந்த விளையாட்டும் ஆடியதில்லை என்று அது ஆரம்பித்தது. நூல் வரும் இடத்தில் தன் கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். காந்தா முழுவதும் கேட்டாள். தன் கால் விரலைக் குனிந்து பார்த்தாள்.

"இத ஏண்ணா நீ மொதல்லயே போடல?" என்றாள்.

எந்தச் செய்தியிலும் யாரையும் முந்தவிடாத மனிதர் அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.