கையுறை மாட்டிய லீவர்

வேனை நிறுத்தியதும் ஹல்பெரா கதவைத் திறப்பதில்லை. கண்ணாடியை இறக்கி, மூக்கை வெளியே நீட்டி, ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கிறாள். பிரேக் கருகினால் ஒரு வாடை, பின் ஆக்ஸிலில் எண்ணெய் காய்ந்தால் வேறொரு வாடை, பின்னால் ஆட்டுக்கறி சூப் மூடி கழன்று ததும்பினால் இன்னொரு வாடை. மூன்றையும் அந்த மூக்கு தனித்தனியாகப் பிரித்துவிடும். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, அண்டாதான் ஆடிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இறங்குவாள். இறங்குவதும் ஒரு சடங்கு. முதலில் கைத்தடி, பிறகு நல்ல கால், பிறகு இடுப்பு வலிக்கும் பக்கத்துக் கால், கடைசியாக ஒரு கெட்ட வார்த்தை.

வேன் பழைய அமெரிக்க வேன். ஒரு காலத்தில் தெற்குக் கரையில் மீன் பதப்படுத்தும் ஆலைக்கு ஆள் ஏற்றியது. மழை நாளில் இன்னமும் காட் மீன் வாடை வீசும். உள்ளே இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு அடுப்பும் அலமாரியும் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ரப்பர் வளையம். இடிக்காமல், உருளாமல், சிந்தாமல் போவதுதான் அவளுக்குச் சமையல். சுவையெல்லாம் அதற்கப்புறம். அந்த அலமாரிச் சட்டங்களை வெல்டிங் செய்தவன் நான். பள்ளிக்கூடத்தை மீசை முளைக்கும் முன்பே விட்டுவிட்டு, அப்பாவின் டிராக்டருக்குக் கீழே படுத்துத் தொழில் கற்றவன். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் நான் தொடாத ஆக்ஸில் கிடையாது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து படித்த பொறியாளர்கள் போன் போட்டு, "தோர்கில், இது எப்படி?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் ஹல்பெரா "ஸ்பானர் பையா" என்று கூப்பிடுகிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

கோடை முழுக்க எங்கள் ஆடுகள் மேலே மலைவெளியில் தம் இஷ்டத்துக்கு மேயும். செப்டம்பரில் குதிரைக்காரர்கள் ஏறிப்போய்த் தேடிப் பிடித்து இறக்கி வருவார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு ஆடு வைத்திருக்கிறாயோ அதற்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும். ஆடு இல்லாதவனுக்கு மலையில் வேலை இல்லை. ஹல்பெரா இடுப்பு விட்டுப்போனதும் மந்தையை விற்றுவிட்டாள். குதிரையும் ஏற முடியாது. அவளுக்கு மலைக்குப் போக மிஞ்சியிருக்கும் ஒரே வழி, மேலே ஆட்கள் இரவு தங்கும் குடிலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் இந்த வேன்தான். "கீழ உக்காந்து மலையை ஜன்னல் வழியாப் பாக்குறதுக்கு நான் என்ன விருந்தாளியா?" என்பாள்.

போன வருஷம் கறுப்பாற்றின் கரையில் வேன் நின்றுவிட்டது. வலது பின்சக்கரம் மட்டும் சேற்றைக் கடைந்துகொண்டே இருந்தது. டிராக்டர் வந்து இழுத்து, சூப் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் உலர்ந்த ரொட்டியைக் கடித்துவிட்டு ஈரக் காலோடு படுத்திருந்தார்கள். ஆடு தேடப் போகும் கூட்டத்தின் தலைவனை நாங்கள் மலையரசன் என்போம். இப்போதைய மலையரசன் ஸ்டெய்ன்தோர். கெட்டவன் அல்ல, ஆனால் வயிறு காய்ந்தால் நியாயம் பேசுகிற ஆள். சமூகக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"அடுத்த வருஷம் ஆளுங்க குடிலுக்கு வர்றதுக்கு முன்னாடி சூடா சூப் அங்க இருந்தா, மலை உன்னுது ஹல்பெரா. இல்லன்னா அதுக்கப்புறம் நீ கீழயே சமைச்சுக் குடு. நம்ம கௌதி ஏத்திட்டு வருவான்."

கௌதி அவனுடைய அக்கா மகன். புத்தம்புது ஃபோர் வீல் பிக்கப் வைத்திருக்கிறான். குதிரைகளுக்கு வைக்கோலும் ஆட்களின் படுக்கைப் பைகளும் அவன் வண்டியில்தான் போகும். அன்றைக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு சிரித்தான். ஹல்பெரா அவனுக்குக் காப்பி ஊற்றினாள், பாதிக் கோப்பைதான் ஊற்றினாள்.

மறுநாள் காலை என் பட்டறை வாசலில் வேன். மூக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. கைத்தடி, கால், கெட்ட வார்த்தை.

"ஸ்பானர் பையா, இந்த வேன் இருக்காளே, இவளுக்கு நாலு காலும் வேணுமா, இல்ல ரெண்டு கால் ஒழுங்கா நடந்தாப் போதுமா? நீயே சொல்லு."

சொல்வதற்கு என்னைவிட்டால் யார்? சாதாரண ஆக்ஸிலின் குணம் இது: எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே சுழற்சியை எல்லாம் கொடுத்துவிடும். தரையைப் பிடித்து நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். டிஃப் லாக் என்கிற பூட்டைப் போட்டால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே கம்பியில் கோத்ததுபோலச் சேர்ந்து சுற்றும். ஃபோர் வீல் ஆக்குவதென்றால் வேனின் முன்பக்கத்தையே பிரித்து, வேறு ஆக்ஸில் கோத்து, முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுப்பது. என் கொல்லையில் நசுங்கிப்போன பிக்கப்பின் முன் ஆக்ஸில் ஒன்று, துருப்பிடிக்காமல், எண்ணெய் பூசி, தார்ப்பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கேயாவது மாட்ட வேண்டுமென்று எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

"ஃபோர் வீல்தான். நான் மாத்தின வண்டி பனிப்பாறை மேலயே ஓடுது. எல்லாத்தையும் என்கிட்ட விட்டுடு."

"வேன் எவ்வளவு உசரும்?"

"ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. பாக்கறதுக்கே ராஜா மாதிரி இருக்கும்."

அவள் பட்டறையில் கிடந்த மரப்பெட்டிகளை இழுத்து, வேன் படியின் உயரத்தோடு நான் சொன்ன உயரத்தையும் சேர்த்து, ஒரு படி கட்டினாள். சூப் அண்டாவை இறக்கி, விளிம்புவரை தண்ணீர் பிடித்தாள். தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்தாள். முதல் காலோடு நின்றுவிட்டாள்.

"இப்ப நீ ஏறு."

"எனக்கென்ன, நான் எஞ்சினையே தூக்குவேன்."

"எஞ்சின் ததும்பாது. ஏறு."

ஏறினேன். ஏறித்தான் விட்டேன், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தண்ணீரில் பாதி என் சட்டைக்குள் போய் பூட்சுக்குள் இறங்கியது. ஹல்பெரா கைத்தடியை ஊன்றிச் சிரித்த சிரிப்பில் எதிர்ப் பண்ணை நாய் குரைத்தது.

"ராஜாவுக்கு சூப் ஊத்தவே முடியாதுடா. எனக்கு மலையும் வேணும், அதுல ஏறி இறங்கி நானே பரிமாறவும் வேணும். என் பாரமெல்லாம் பின்னாலதான் இருக்கு. அடுப்பு, கேஸ், உருளைக்கிழங்கு, நான். பின்சக்கரம் ரெண்டையும் கட்டிப் போடு."

சரியான பேச்சு. நானும் அதைத்தான் சொல்லவிருந்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

எப்போதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம் ஒன்று உண்டு. அதை நான் மாட்டவில்லை. வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுகிற லீவர் ரகம் மாட்டினேன். ஏனென்று காட்ட, ஏப்ரல் பனி உறைந்திருந்தபோது பட்டறைக்குப் பின்னாலிருக்கும் சரிவில் குறுக்காக ஓட்டச் சொன்னேன். லாக் போட்டு ஓட்டினாள். இரண்டு சக்கரமும் ஒன்றாக வழுக்கி, வேனின் பின்பக்கம் நாய் வாலாட்டுவதுபோலப் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. லாக்கை எடுத்துவிட்டு ஓட்டினாள். ஒரு சக்கரம் சுற்றியது, மற்றது முளைக்குச்சி மாதிரி நின்று பிடித்துக்கொண்டது. ஊர்ந்தது, ஆனால் சரியவில்லை.

"அப்ப மேட்டுல நேரா ஏறும்போது கட்டணும், சரிவுல குறுக்க போகும்போது விடணும்" என்றாள். "மறந்துட்டா?"

"மறந்தா பள்ளம்."

அவள் தன் மறதிக்கு மருந்து தானே கண்டுபிடித்தாள். வலது கையுறையைக் கழற்றி லீவரின் தலையில் மாட்டினால் லாக் போட்டிருக்கிறது. கையில் இருந்தால் எடுத்தாகிவிட்டது. "விரல் குளுந்தா கட்டியிருக்கேன்னு அர்த்தம். இதுக்கு விளக்கு எதுக்கு, மணி எதுக்கு?" சிவப்புக் கம்பளிக் கையுறை அது, அவளே பின்னியது. கடைக்குப் போகும்போதுகூட ஜல்லி மேட்டில் அதைக் கழற்றி மாட்டிப் பழகினாள். கோடை முழுக்க ஒரு கையில் மட்டும் கையுறை போட்ட பெண்மணியை ஊர் பார்த்தது.

செப்டம்பரில் மலைக்கு நானும் கூடப் போனேன். என் வேலை எப்படி நிற்கிறதென்று நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? இந்த வருஷம் முதல் பனி முந்திக்கொண்டது. குதிரைக்காரர்கள் விடியலிலேயே மேலே போய்விட்டார்கள். எங்களுக்கு முன்னால் கௌதியின் பிக்கப், கொம்பூதாத குறையாகப் போனது.

கறுப்பாற்றில் அவனைப் பிடித்தோம். பிடிக்கத் தேவையே இல்லை, நின்றிருந்தான். எதிர்க்கரை மேட்டில் கோணலாக ஏறியிருக்கிறான். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டு விர்ரென்று சுற்றின. தரையில் இருந்த இரண்டும் சும்மா இருந்தன. ஃபோர் வீல் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நான்கும் இழுக்குமென்று நினைத்துக்கொள்வார்கள். பூட்டு இல்லையென்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான்.

ஹல்பெரா கொஞ்சம் மேலே போய், நேராக இறங்கி, நேராக ஏறுகிற இடம் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், லீவரைத் தள்ளினாள். தண்ணீர் படியைத் தொட்டது. மேட்டில் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து கல்லைக் கவ்விய சத்தம் இருக்கிறதே, என் கல்யாணத்தில் வாசித்த ஆர்மோனியத்தில்கூட அப்படிக் கேட்டதில்லை. ஏறிவிட்டோம்.

கௌதி ஓடிவந்தான். "ஹல்பெரா, ஒரு கயிறு போட்டு இழேன்."

"முதல்ல சூப்புடா கண்ணு. இருட்டுறதுக்குள்ள அடுப்பு எரியணும். நீ எங்கயும் போயிட மாட்டியே?" புகைபோட்ட ஆட்டுக்கறி வைத்த தட்டையான ரொட்டியையும் காப்பிக் குடுவையையும் ஜன்னல் வழியாக அவனிடம் கொடுத்தாள். இந்தமுறை குடுவை நிறைய இருந்தது.

அடுத்தது சரிவு. பாதை முழுக்கப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, மேலே புதுப்பனி. லாக்கை எடுத்தாள், கையுறையைப் போட்டுக்கொண்டாள். நடுவழியில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வேன் தயங்கியது. எனக்குக் கீழே பள்ளம்தான் தெரிந்தது. எத்தனையோ வண்டியை எத்தனையோ இடத்திலிருந்து மீட்டவன் நான், ஆனாலும் என் கை தானாக லீவருக்குப் போனது. கையுறைக் கையால் என் கைமேல் ஓர் அடி விழுந்தது.

"தொடாத. அவ பிடிச்சுக்கிட்டிருக்கா."

காலை எடுத்தாள். வேனை ஒரு சாண் பின்னால் விட்டாள். மறுபடி, குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி, மெல்ல மிதித்தாள். சக்கரம் சுற்றியது, நின்றது, சுற்றியது. முளைக்குச்சிச் சக்கரம் பிடியை விடவில்லை. சரிவின் கடைசிப் பாறையைத் தாண்டியதும், அவள் ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தாள்.

"வண்டிக்கும் ஒண்ணுமில்ல, அண்டாவுக்கும் ஒண்ணுமில்ல. உனக்குத்தான் வேர்த்திருக்கு."

தாடியில் பனியோடு ஸ்டெய்ன்தோர் குடில் கதவைத் தள்ளி வந்தபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே மற்றவர்களும். எல்லோரும் கோப்பைகளை நீட்டினார்கள். மலையரசன் நின்றபடியே ஒரு கோப்பை குடித்தான், காலிக் கோப்பையை மறுபடி நீட்டினான், அதையும் குடித்தான். பிறகுதான் சுற்றிலும் பார்த்தான்.

"படுக்கைப் பையெல்லாம் எங்க? கௌதி எங்க?"

"கறுப்பாத்துல. நாலு சக்கரம் இருக்கு அவனுக்கு. ரெண்டு காத்துல சுத்துது, ரெண்டு வேடிக்கை பாக்குது."

ஆட்கள் சூப்புக்குள் சிரித்தார்கள். ஸ்டெய்ன்தோர் தொப்பியை எடுத்தான். "நான் குதிரைய எடுத்துட்டுப் போறேன்."

"உன் குதிரையாலயா அதை இழுக்க முடியும்? அது காலைலேர்ந்து ஓடுது, விடு."

மூலையிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அகப்பையை அவன் கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

"கிண்டிக்கிட்டே இரு. அடிப்பிடிச்சா எனக்கு வாசலிலேயே தெரிஞ்சிடும்."

கைத்தடி, நல்ல கால், இடுப்பு, கெட்ட வார்த்தை. வேனில் ஏறி உட்கார்ந்தவள், குடிலுக்கு முன்னாலிருந்த மேட்டைப் பார்த்து, வலது கையுறையைப் பல்லால் பிடித்து உருவினாள்.