எண்ணெய் வழிந்த காதுக்குழல்

எனக்கு அம்மை போட்டுக் காது மந்தமானபோது வயது ஐந்தோ ஆறோ. கொழும்பில் கடை வைத்திருந்த மாமா வளைந்த பித்தளைக் குழல் ஒன்று வாங்கி வந்தார். ஒரு முனை சுண்டுவிரல் பருமன். அதைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். மறுமுனை ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். பேசுகிறவர்கள் அதற்குள் வாயை வைத்துப் பேச வேண்டும். ஒருவர் பேசினால் நன்றாகவே கேட்கும். நாலு பேர் கூடிவிட்டால்தான் சங்கடம். நான் குழலை அத்தை பக்கம் திருப்புவதற்குள் அவள் முடித்து அம்மா ஆரம்பித்திருப்பாள். அம்மா பக்கம் திருப்பினால் அதற்குள் எல்லாரும் சிரித்து ஓய்ந்திருப்பார்கள்.

அக்காதான் எனக்கு வழி. எவ்வளவு நீளமான பேச்சானாலும் சுருக்கிச் சொல்லிவிடுவாள்.

“அத்தை புளுகுதா. அம்மா நம்புத மாதிரி நடிக்கா.”

அவ்வளவுதான். வீட்டு நடப்பெல்லாம் எனக்கு விளங்கிவிடும்.

அந்த அக்காவைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் வந்தார்கள். அதற்கு முன் வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயிருந்தது. இதுவாவது கூடி வரவேண்டுமே என்று அம்மா நெல்லையப்பர் கோயிலுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். காது கேளாத தங்கை இருப்பது தெரிந்தால், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் அப்படி வந்துவிடுமோ என்று பயந்து போய்விடுவார்களே. வண்டி வாசலில் நின்றதும் அம்மா என் குழலுக்குள் சொன்னாள்:

“எல்லாரும் சிரிச்சா நீயும் சிரி. தலையாட்டுனா ஆட்டு. வாயை மட்டும் தொறக்காதட்டி.”

சொன்ன கையோடு குழலைப் பிடுங்கி, அடுக்களைப் பலகையில் எண்ணெய்ச் சாடிக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ஆண்கள் முன்கட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டாங்கட்டில் மாப்பிள்ளையின் தாயார், அம்மா, அத்தை, நான். அக்கா பட்டுச்சேலையில் தலை குனிந்து இருந்தாள். அங்கே பேசியதெல்லாம் பின்னால் அக்கா சொல்லி நான் அறிந்ததுதான். அப்போது நான் கண்டது வாய்கள் அசைந்ததை மட்டுமே.

வெற்றிலை துப்ப எழுந்த மாப்பிள்ளையின் தாயார், பலகையில் பளபளத்ததைப் பார்த்துவிட்டார்.

“அது என்ன சாமான், மதினி?”

அத்தை யோசிக்கவே இல்லை. “எண்ணெய் ஊத்துத வைத்தூத்தி.”

“வளைஞ்சுல்லா கெடக்கு?”

“கொழும்புச் சாமான். அங்கன எல்லாம் இப்பிடித்தான்.”

சொன்னதோடு விட்டாளா? பொய்க்குச் சாட்சி வேண்டுமென்று சாடியை எடுத்து, என் குழலையே புனலாக்கி விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் காட்டினாள். விளக்கில் விழுந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் அத்தையின் முழங்கை வழியே ஓடியது.

“நம்ம ஊரு வைத்தூத்தியே தேவலை போலிருக்கே!” என்றார் அந்த அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குழலில் எண்ணெய் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பிந்திவிட்டோமே என்று, பிந்தியதற்கும் சேர்த்துப் பலமாகச் சிரித்தேன்.

அதற்குள் அங்கே பேச்சு மாறியிருந்தது. அந்த அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம்: “இதே வயசுல எனக்கும் ஒரு மக இருந்தா. ஆத்துல வெள்ளம் வந்தன்னைக்கு, துணி அலசப் போனவ…”

என் சிரிப்பு அங்கே போய் விழுந்தது.

“என்ன பிள்ளை இது? எழவைச் சொல்லுதேன், சிரிக்கு!”

“வெளையாட்டுப் பிள்ளை. மனசுல வைக்காதீக,” என்றாள் அத்தை. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள்.

தாம்பூலம் மாற்றுகிறவரை பெண்ணின் குரல் சபையில் கேட்கக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா எழுந்தாள். அத்தை கையிலிருந்த குழலை வாங்கிப் பட்டு முந்தானையால் துடைத்து, என் காதில் வைத்தாள். எண்ணெய் அடைத்திருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அவுக மக ஆத்தோட போயிட்டா. அதைத்தான் சொல்லுதாக. நீ முன்னால உள்ள சிரிப்பை இப்ப சிரிச்சுட்டே. உனக்குக் கேக்காதுன்னு அவுகளுக்கும் தெரிஞ்சுபோச்சு. பயப்படாத.”

முன்கட்டிலும் பேச்சு நின்றுவிட்டதாம்.

நான் அழுதேன். அந்த அம்மாள் பைய எழுந்து வந்தார். குழலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதன் விரிந்த வாயைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அழாத தாயி. எம் மகளும் இப்பிடித்தான். சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா.”

எண்ணெய் கொழகொழவென்றது. அதற்குள் நீந்தி வந்த மாதிரி அந்தக் குரல் வந்தது.

யாரும் சண்டை போடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள். தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. சொல்லி அனுப்பவே இல்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அக்கா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். அந்த முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

“சீயக்காய் போட்டுத் தேய்ச்சா போயிரும்க்கா. புதுசு மாதிரி ஆயிரும்.”

அக்கா முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். சரியான யோசனைதான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து, அவள் கையை விலக்கிவிட்டுச் சீயக்காய் எடுக்க உள்ளே ஓடினேன்.