மழை நாள் பக்கங்கள்

1984-இல், மலேசியாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தார் இராஜமாணிக்கம். எத்தனை சாக்பீஸ் மிச்சம் என்று கேட்டால்கூட நோட்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

அவர் வகுப்பில் தவமணிக்கு எட்டு வயது, பேச்சு வரவில்லை. திடீரென்று அலறுவாள், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பாள். அவளுக்கென்றே அவர் தனி நோட்டுப் போட்டார். பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, வெயிலா மழையா என்ற குறிப்பு. கீழே மணி, குற்றம், தண்டனை. மூன்று மாதத்தில் முப்பத்தொரு குற்றங்கள். அதைக் காட்டித்தான், இவள் இந்தப் பள்ளிக்கு ஆகாது என்று தலைமையாசிரியருக்கு எழுதினார். தாய் கைநாட்டு வைத்தால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடலாம்.

தாயின் பெயர் பஞ்சாலை; ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்கும் பால்வெட்டுக்காரி. ஒரு பிற்பகலில் அவர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போய், காகிதத்தோடு நோட்டையும் விரித்து வைத்தார்.

"இம்புட்டு எழுத்தா? எங்க கல்யாணப் பத்திரிகைலகூட இவ்ளோ இல்ல சார்" என்றாள் பஞ்சாலை. மைப்பெட்டியில் விரலை ஒற்றியவள் நிமிர்ந்தாள். "மழ நாள்லயுமா கடிச்சா?"

"மழைக்கும் இதுக்கும் என்னம்மா?"

"மழ பேஞ்சா பால்வெட்டு இல்ல. பால் லாரி வராதுலா. பள்ளி லீவுல இவள பால் நிறுக்கற நிறுவைக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போவேன். லாரி ஆரன் அடிக்கறப்ப நான் இவ ரெண்டு காதையும் பொத்துனா சும்மா இருப்பா."

நிறுவைக் கொட்டகை பள்ளிச் சுவரை ஒட்டியே இருந்தது. இராஜமாணிக்கம் பக்கங்களைப் புரட்டினார். மழை என்று எழுதிய பதினான்கு நாளிலும் குற்றம் ஒன்றுமில்லை. முப்பத்தொரு குற்றமும் வெயில் நாட்களில், லாரி வரும் பத்தே முக்காலை ஒட்டி. அத்தனையும் அவர் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் நேரே 'உள்ளங்கையில் பிரம்படி 1'.

"முன்னமே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

அவளை ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மை ஒட்டிய விரலைப் பஞ்சாலை சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் கடிதத்தைத் திருப்பி வாங்கினார். "கணக்குல தப்பா?" என்று கேட்டார் தலைமையாசிரியர். "கணக்கு சரிதான் சார். பார்த்தவன்தான் தப்பு."

பத்தே முக்காலுக்குக் காதைப் பொத்திவிடலாம் என்று தவமணி பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் ஒளித்துக்கொண்டு மேசைக்கடியில் பதுங்கினாள். அப்போது ஆரன் அடித்தது.

அன்றைய பக்கத்தில் அவர் எழுதியது: 'வெயில். 10.45. என்னைக் கண்டு பயந்தாள்.'

பதுங்காமல் அவள் காதைக் கொடுக்கப் பன்னிரண்டு வெயில் நாட்கள் ஆயின. பெயர் பதிவேட்டிலேயே இருந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கங்களை மட்டும் இராஜமாணிக்கம் யாருக்கும் காட்டியதில்லை.