பீடத்துக்குக் கீழே ஒரு மைக்

இன்று மார்ச் 12. எனக்கு வயது எழுபத்தொன்பது.

திருநகர் காய்கறிக் கடையில் எங்கள் சபைச் செயலாளரைப் பார்த்தேன். எங்கள் சபையிலேயே இறையியல் படித்த பெண் கிரேஸ், ஈஸ்டர் அன்று பிரசங்கம் செய்யலாமா என்று கேட்டேன்.

“பேசட்டும் டீச்சரம்மா. ஆனா பொம்பளைக பீடத்துல ஏற வேணாம். கீழ மைக் வச்சுத் தாரோம்.”

“உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களுக்குச் சொன்னதே மகதலேனா மரியாள்தான். அவளுக்கும் கீழதான் மைக்கா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். செயலாளர் சிரிக்கவில்லை.

“உங்க வீட்டய்யா இங்க போதகரா இருந்தப்ப எந்தப் பொம்பளையாவது இப்படிக் கேட்டுச்சா?”

கேட்டாள். பீடத்தில் ஏறிப் பிரசங்கிக்க என் கணவரிடம் அனுமதி கேட்டவள் நான். மறுத்துவிட்டார். அவரை அடக்கம் செய்த பின்னும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காரணத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.