மூச்சு உள்ளே போகும்போது

தையல் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் அவளுக்குக் ‘காதுக்காரி’ என்று பெயர். நூற்று இருபது மெஷின் ஓடும் கூடத்தில் ஒன்றின் சத்தம் மாறினாலும், திரும்பிப் பார்க்காமலே எந்த வரிசை என்று சொல்லிவிடுவாள். போய் நின்றதும் முதல் கேள்வி: “ஊசி இறங்கும்போதா, ஏறும்போதா?” பதில் தெரியாமல் விழிப்பவர்களைக் கிண்டலடிக்காமல் விடமாட்டாள்.

பிரசவ லீவில் இருந்தபோது, மகளின் மூச்சில் ஒரு கீச்சொலி புகுந்தது. நாத்தனார் எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதிவிட்டாள்: வயிற்றுப் பிள்ளையோடு பஞ்சுத் தூசியில் நின்றதன் பலன், இனி அந்த வேலையே வேண்டாம். கணவன் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு எது வந்தாலும் தாய்தான் குற்றவாளி. விசாரணை மட்டும் கிடையாது.

விசாரணையை அவளே நடத்தினாள். மூச்சு உள்ளே போகும்போது சத்தம். வெளியே வரும்போது இல்லை. மல்லாந்தால் கூடுகிறது, அழுதால் கூடுகிறது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கணவனோடு நாத்தனாரும் ஒட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தால் சத்தத்தைக் காணோம். குழந்தை அவள் தோளில் சாதுவாகத் தூங்கியது. தொழிற்சாலையில் அவள் பக்கத்தில் போய் நின்றதும் பழுதான மெஷின் ஒழுங்காக ஓட, தையல்காரப் பெண்கள் அசடு வழிவது வழக்கம். இன்று அவள் முறை. நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அப்போதுதான் தாய்க்கு உறைத்தது: வழியெல்லாம் பிள்ளையைத் தோளிலேயே தூக்கி வந்திருக்கிறாள்.

“மல்லாக்கப் போட்டுப் பாருங்க டாக்டர். மூச்சு இழுக்கும்போது மட்டும் கேக்கும்.”

கேட்டது. பால் குடிக்கையில் திணறுகிறதா, உதடு நீலமாகிறதா என்று விசாரித்து, எடையும் பார்த்தார் டாக்டர். பிறகு மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டார். குரல்வளைக்கு மேலே இருந்த சதை, குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே மடிவது திரையில் தெரிந்தது. அது இன்னும் கெட்டிப்படவில்லை, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தானே சரியாகிவிடும், சத்தம் கூடினாலும் தூங்கும்போது மல்லாந்தே படுக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்றார். திணறினாலோ, நீலம் பாரித்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே கொண்டுவர வேண்டும்.

நாத்தனார் விடவில்லை. “தூசியாலதானே டாக்டர்?”

“தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யார் மேலயும் தப்பில்ல.”

வெளியே வந்ததும் கணவனுக்கு வாய் வந்தது. “அப்போ லீவு முடிஞ்சு வேலைக்குப் போறியா?”

“போகாம? நான் இல்லாதப்போ பிள்ளையைக் கவனிச்சுக் கேக்க யாராவது கத்துக்கணும்.”

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் மல்லாத்தினாள். குனிந்து காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ஆமா,” என்றாள். “உள்ள போகும்போதுதான்.”