மேலாளர் மறைத்த பந்து

சோப்புத் தொழிற்சாலையின் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். பெல்ட்டில் வரும் சோப்புகளில் ஓரம் நசுங்கியதோ எழுத்து மங்கியதோ கண்ணில் பட்டால் எடுத்துத் தள்ளிவிடுவாள். நாள் முழுக்க "இது ஆகாது" என்று சொல்லும் வேலை. அந்தப் பழக்கத்தோடுதான் கால்பந்து நடுவர் தேர்வும் எழுதித் தேறினாள். தொழிற்சாலையில் அதில் தேறிய வேறு ஆள் இல்லாததால் வருடாந்தரப் போட்டிக்கு அவளே நடுவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவளை விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் கணவன் பேக்கிங் பிரிவில் வேலை. அந்த அணியின் கோல்கீப்பரும் அவன்தான். கட்டியவன் என்று அவள் சலுகை காட்டியதே இல்லை. ஒருமுறை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினான் என்று மஞ்சள் அட்டை காட்டினாள். அந்தக் கோபத்தில் அவன் ஒரு வாரம் தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டான். அவளுக்கு அதில் லாபம்தான்.

அந்த வருட இறுதி ஆட்டம் அலுவலக அணிக்கும் பேக்கிங் அணிக்கும். பேக்கிங் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அலுவலக அணிக்காக மேலாளரே களத்தில் இறங்கினார். மேலாளருக்கு ஓடுவது பிடிக்காது, ஓடவைப்பதுதான் பிடிக்கும். நேராக நடந்துபோய்க் கோல்கீப்பருக்கு இரண்டு முழம் முன்னால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் கோல்கீப்பரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஆஃப்சைடு என்றால் அப்பட்டமான ஆஃப்சைடு.

ஆனால் அங்கே நிற்பது மட்டும் குற்றமாகாது. நின்று எதிராளிக்கு இடைஞ்சல் செய்தால்தான் குற்றம். அதனால் விசிலக்கா பொறுத்துப் பார்த்தாள்.

கணக்குப் பிரிவு குமாஸ்தா தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து மேலாளரின் இடுப்பை உரசாமல் தாண்டி வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பர் அசையவே இல்லை. மேலாளர் இரண்டு கைகளையும் தூக்கினார். எல்லைக்கோட்டில் கொடி பிடித்திருந்த ஸ்டோர் கீப்பர், ஆஃப்சைடுக்குத் தூக்க வேண்டிய அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

விசிலக்கா விசிலை ஊதினாள். கோல் இல்லை.

மேலாளர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். "என்னம்மா, நான் பந்தைத் தொட்டேனா?"

"இல்ல சார்."

"ஓடினேனா?"

"அதுவும் இல்ல சார்."

"ஒண்ணுமே பண்ணலையே! அப்புறம் என்ன தப்பு?"

"மறைச்சிட்டீங்க சார். கீப்பருக்குப் பந்து தெரியல."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேலாளர் திரும்பி, "நீயே சொல்லுப்பா, நான் மறைச்சேனா?" என்று கோல்கீப்பரைக் கேட்டார்.

ஃபோர்மேன் பதவிக்குக் கணவன் கொடுத்த விண்ணப்பம் மேலாளரின் மேஜையில்தான் இருந்தது.

"இல்ல சார். பந்து பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதுன்னா ஏன் பிடிக்கல?" என்றாள் மனைவி.

"பிடிக்கணும்னு... தோணல."

அவனுடைய அணிக்காரர்கள் பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோணினதும் தோணாததும் வீட்டுல பேசிக்கலாம். நான் நின்ன இடத்துலேர்ந்து உங்க தலைகூடத் தெரியல. ஃப்ரீ கிக் எடுங்க" என்றாள் அவள்.

பேக்கிங் அணி ஜெயித்தது. கோப்பையைக் கொடுக்க வேண்டியவரும் மேலாளர்தான். வேண்டாத மருமகனுக்கு மோதிரம் போடுகிற மாமனார் மாதிரி கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. நான்காம் நாள் காலை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபடி அவள் கேட்டாள்:

"நெஜமாவே தெரிஞ்சுதா?"

"வயிறு தெரிஞ்சுது" என்றான். "அதுல பாதிதான் தெரிஞ்சுது. மீதிக்கு எனக்குக் கண்ணு பத்தல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அத அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஃபோர்மேன் வேலை போயிடுமேன்னு..."

அது எப்படியும் போயிற்று. மறுவாரம் ஃபோர்மேன் ஆனவர் ஸ்டோர் கீப்பர். வானத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மேலே போக வழி கிடைத்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ஊழியர்களின் மனச்சுமையைக் கருதி, அடுத்த ஆண்டு முதல் வெளியிலிருந்து நடுவர் வரவழைக்கப்படுவார். விசிலக்கா அதை நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று இரண்டு தரம் படித்தாள். "மனச்சுமையாம்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டுக்குத் திரும்பினாள். அன்று வழக்கத்தைவிட அதிகமான சோப்புகள் தள்ளப்பட்டன.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பள்ளிகளின் ஆட்டங்களுக்கு அவள்தான் நடுவர். கொடி பிடிக்க ஆள் கிடைக்காததால் கணவனையே நிறுத்தினாள். ஒரு பொய் சொன்ன பாவத்தைக் கழுவவோ என்னவோ, அவன் யார் எங்கே நின்றாலும் கொடியைத் தூக்கினான். ஷூ லேஸ் கட்டக் குனிந்த பெண்ணுக்கும் தூக்கினான்.

ஆட்டத்தை நிறுத்தி அவள் அவனிடம் போனாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு யாருக்கு இடைஞ்சல் பண்ணிச்சு?"

"யாருக்கும் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு தூக்கினேன்."

"இறக்குங்க" என்றாள்.